நர்ஸ் நோட்ஸில் ஸ்பெல்லிங் மிஸ்டேக்: சிரித்துவிட்டுப் போகலாமா, பயப்பட வேண்டுமா?

‘லூஸ் மோஷன்’ என்று ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு ‘ஓ’ குறைந்தால் படிப்பவர் சிரிப்பார். ‘டயட்’ என்ற ஆங்கிலச் சொல்லில் கடைசி எழுத்து மாறி, ‘இறந்துவிட்டார்’ என்று பொருள் வந்துவிட்டால் சிரிப்பு நின்றுவிடும். ‘ஹைப்பர்’ என்பது ‘ஹைப்போ’ ஆகிவிட்டால், சர்க்கரை ஏறிய நோயாளி சர்க்கரை இறங்கிய நோயாளியாக அடுத்த ஷிஃப்ட்டுக்குப் போவார்.

மூன்றுமே ஸ்பெல்லிங் மிஸ்டேக்தான். ஆனால் மூன்றும் ஒன்றல்ல.

மருத்துவமனைக் குறிப்புகள் நோட்டுப் புத்தகத்திலிருந்து கம்ப்யூட்டருக்கும் மொபைல் செயலிக்கும் மாறிக்கொண்டிருக்கும் காலம் இது. தருமபுரி போன்ற மாவட்டங்களில் தமிழ் வழியில் படித்து, ஆங்கிலத்தில் நர்சிங் முடித்து, இப்போது ஆங்கிலத்திலேயே டைப் செய்ய வேண்டிய நிலையில் பல செவிலியர்கள் இருக்கிறார்கள். ஒரு பிழை வந்தால் அது வார்டு முழுக்கத் தெரியும். இதில் எந்தப் பிழைக்கு வெட்கப்படத் தேவையில்லை, எந்தப் பிழையை ஒரு நிமிடம்கூட விட்டுவைக்கக் கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

இப்போ ஏன் இதைப் பேசணும்?

தமிழ்நாட்டில் செவிலியர்களின் எழுத்து வேலை கடந்த சில ஆண்டுகளில் வேகமாகத் திரைக்கு மாறியிருக்கிறது. உலக வங்கி உதவியுடன் 2005இல் தொடங்கிய தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் கீழ்தான் அரசு மருத்துவமனைகளுக்கு கணினிவழி மேலாண்மை முறை வந்தது. கர்ப்பிணிகளின் விவரங்களைப் பதிவு செய்ய ‘பிக்மி’ இணையதளம் இருக்கிறது. கிராமத்தில் ஒரு பெண் கர்ப்பமானது முதல் பிரசவம், தடுப்பூசி வரை எல்லாமே அதில் ஏறுகிறது.

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி, தருமபுரிக்குப் பக்கத்தில் உள்ள கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. வீடு தேடிச் சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் இந்தத் திட்டத்திலும் விவரங்கள் மின்னணு முறையில் பதிவாகின்றன. அதே ஆண்டு செப்டம்பர் 27ஆம் தேதி ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் நாடு முழுவதும் தொடங்கப்பட்டது. ஒருவருக்கு 14 இலக்க ‘ஆபா’ எண் கொடுத்து, அவர் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் பழைய ஆவணங்கள் கூடவே வர வேண்டும் என்பது இதன் நோக்கம்.

முன்பெல்லாம் ஒரு வார்டில் எழுதிய குறிப்பு அந்த வார்டு அலமாரியோடு நின்றுவிடும். இனி அப்படி இல்லை. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்து மேல் சிகிச்சைக்குச் சேலத்துக்கோ பெங்களூருக்கோ போகும் நோயாளியோடு, அவரைப் பற்றி எழுதப்பட்ட ஒவ்வொரு வரியும் போகும். பிழையும் சேர்ந்தே போகும்.

கையெழுத்தில் தெரியாத பிழை, திரையில் ஏன் தெரிகிறது?

ஸ்பெல்லிங் மிஸ்டேக் கம்ப்யூட்டர் வந்த பிறகு பிறந்த பிரச்சினை அல்ல. கையால் எழுதும்போதும் பிழைகள் இருந்தன. எழுத்து கோணல்மாணலாக இருக்கும்போது, ‘இது ஐ-யா, ஈ-யா’ என்று யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. டைப் செய்ததும் அந்த மறைவு போய்விடுகிறது.

புரியாத கையெழுத்தும் நல்லதல்ல என்பது வேறு விஷயம். ஒடிசாவில் பாம்பு கடித்து இறந்த ஒருவரின் குடும்பத்துக்கான இழப்பீட்டு வழக்கில், பிரேதப் பரிசோதனை அறிக்கையை நீதிபதியால் படிக்கவே முடியவில்லை. 2024 ஜனவரியில் அம்மாநில உயர்நீதிமன்றம், மருத்துவர்கள் மருந்துச் சீட்டுகளையும் பிரேதப் பரிசோதனை அறிக்கைகளையும் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று உத்தரவிட வழிசெய்தது. இந்தியாவில் மருந்தின் பெயரைப் படிக்கும்படி எழுத வேண்டும் என்ற மருத்துவ நடத்தை விதி 2016இலேயே வந்துவிட்டது.

ஆக, டைப் செய்வது முன்னேற்றம்தான். ஆனால் அது மூன்று புதிய சிக்கல்களையும் கொண்டுவருகிறது.

முதலாவது, ஆட்டோ கரெக்ட். கையால் தப்பாக எழுதிய சொல் தப்பாகவே தெரியும். மொபைலில் தப்பாக அடித்த சொல்லை, மெஷின் வேறொரு சரியான சொல்லாக மாற்றிவிடும். ஸ்பெல்லிங் சரியாக இருக்கும், அர்த்தம் தப்பாக இருக்கும். அடிக்கோடு சிவப்பாக வராததால் யார் கண்ணிலும் படாது.

இரண்டாவது, காப்பி பேஸ்ட். நேற்றைய குறிப்பை எடுத்து இன்று ஒட்டும்போது நேற்றைய பிழையும் புதிதாகப் பிறக்கிறது. மூன்று நாள் கழித்துப் பார்த்தால், மூன்று பேர் பார்த்து உறுதி செய்ததுபோலத் தோன்றும்.

மூன்றாவது, தேடல். பேரேட்டில் விரல் வைத்து ஒரு பெயரைத் தேடினால், எழுத்து கொஞ்சம் மாறியிருந்தாலும் மனிதக் கண் பிடித்துவிடும். கணினியில் ஒரு எழுத்து மாறினால் ‘பதிவு இல்லை’ என்று வரலாம். உடனே அதே ஆளுக்கு இரண்டாவது பதிவு போடப்படும். அலர்ஜி விவரம் ஒன்றில், ரத்தப் பரிசோதனை இன்னொன்றில் என்று ஒரு நோயாளி இரண்டாகப் பிரிந்துவிடுவார்.

தமிழ் மீடியத்தில் படிச்சது தப்பா?

இல்லவே இல்லை. நர்சிங் படிப்பின் பாடத்திட்டம் ஆங்கிலத்தில் இருக்கிறது. மருத்துவச் சொற்களில் பெரும்பகுதி கிரேக்க, லத்தீன் வேர்களிலிருந்து வந்தவை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் இந்தச் சொற்களில் தடுமாறுகிறார்கள்.

ஒரு உதாரணம். ‘இலியம்’ என்று ஒரே மாதிரி உச்சரிக்கப்படும் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று சிறுகுடலின் கடைசிப் பகுதி. இன்னொன்று இடுப்பு எலும்பு. ஆங்கிலத்தில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். ‘டிஸ்ஃபேஜியா’ என்றால் விழுங்க முடியாமை, ‘டிஸ்ஃபேசியா’ என்றால் பேச்சில் கோளாறு. பிரசவ வார்டில் தினமும் எழுதும் ‘பெரினியல்’ என்ற சொல் ‘பெரோனியல்’ ஆனால், பிறப்புறுப்புப் பகுதிக் கிழிசல் காலில் உள்ள நரம்பைப் பற்றிய குறிப்பாகிவிடும். இதில் தடுமாறுவது மொழி அறிவின் குறை அல்ல. சொற்களே அப்படித்தான் அமைந்திருக்கின்றன.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. நோயாளி தமிழில் சொல்கிறார், செவிலியர் தமிழில் கேட்கிறார், எழுதுவது மட்டும் ஆங்கிலத்தில். இந்த மொழிபெயர்ப்பு சில நொடிகளில் நடக்க வேண்டும்.

‘நெஞ்சு கரிக்குது’ என்று ஒருவர் சொல்கிறார். ‘நெஞ்சைப் பிசையுற மாதிரி இருக்கு, இடது கை வரைக்கும் இழுக்குது’ என்று இன்னொருவர் சொல்கிறார். முதலாமவருக்கு நெஞ்செரிச்சலாக இருக்கலாம். இரண்டாமவருக்கு மாரடைப்பாக இருக்கலாம், உடனே இசிஜி எடுக்க வேண்டும். இரண்டு பேருக்குமே ‘செஸ்ட் பெயின்’ என்று ஸ்பெல்லிங் பிழையே இல்லாமல் எழுதிவிட முடியும். அந்தக் குறிப்பைப் படித்து யாரும் சிரிக்க மாட்டார்கள். ஆனால் டாக்டருக்குத் தேவையான தகவல் அதில் இல்லை.

அதனால்தான் நோயாளியின் முக்கியப் புகாரை அவருடைய சொற்களிலேயே பதிவு செய்ய வேண்டும் என்று மருத்துவ மாணவர்களுக்கும் நர்சிங் மாணவர்களுக்கும் கற்றுத் தரப்படுகிறது. ஆங்கிலச் சொல் வராத இடத்தில் நோயாளி சொன்னதை அப்படியே மேற்கோள் குறிக்குள் போடுவது, தெரியாத ஆங்கிலச் சொல்லை ஊகித்து எழுதுவதைவிடப் பாதுகாப்பானது. ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. நோயாளி பெங்களூருக்குப் போனால் அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவர் இல்லாமல் போகலாம். ஆகவே மேற்கோளுக்குப் பக்கத்திலேயே எளிய ஆங்கிலத்தில் ஒரு வரி இருப்பது நல்லது. பெரிய சொல் வேண்டாம். ‘சாப்பாடு விழுங்க முடியவில்லை’ என்று சின்னச் சொற்களில் எழுதினாலே எந்த ஊர் டாக்டருக்கும் புரியும்.

வெட்கம்தான் பெரிய ஆபத்து. எப்படி?

ஒரு செவிலியரின் குறிப்பில் உள்ள பிழையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் சிரிக்கிறார்கள். அடுத்த நாள் அவர் என்ன செய்வார்? நன்றாக ஸ்பெல்லிங் படித்துவிட்டு வருவாரா? பெரும்பாலும் இல்லை. அவர் குறைவாக எழுதத் தொடங்குவார்.

‘நோயாளி இரவு 2 மணிக்கு மேல் மூச்சு விடச் சிரமப்பட்டார், உட்கார வைத்ததும் சரியானது’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘ஜெனரல் கண்டிஷன் ஃபேர்’ என்ற தெரிந்த வரி வரும். அல்லது நேற்றைய குறிப்பு காப்பி ஆகும். அல்லது ஆங்கிலம் நன்றாக வரும் இன்னொருவர், நோயாளியைப் பார்க்காமலேயே அவருக்காக டைப் செய்து கொடுப்பார். யாருடைய லாகின் என்பதிலும் குழப்பம் வரும். மோசமான நிலை இன்னொன்று: எழுதியதில் உண்மையிலேயே ஆபத்தான பிழை இருப்பதைப் பிறகு கவனித்தாலும், சொன்னால் கேலி செய்வார்களே என்று பேசாமல் இருந்துவிடுவார்.

அதாவது, பத்து ஸ்பெல்லிங் மிஸ்டேக்கோடு முழுமையாக எழுதப்பட்ட குறிப்பு நோயாளியைக் காப்பாற்றலாம். ஒரு பிழைகூட இல்லாத வெற்றுக் குறிப்பு காப்பாற்றாது.

மருத்துவ உலகம் இதை ஒத்துக்கொண்டு கால் நூற்றாண்டு ஆகிறது. அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 1999இல் ஒரு அறிக்கை வெளியிட்டது. அந்நாட்டு மருத்துவமனைகளில் தடுக்கக்கூடிய தவறுகளால் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறப்பதாக அது மதிப்பிட்டது. தவறுகளுக்குக் காரணம் பெரும்பாலும் கெட்ட மனிதர்கள் அல்ல, கோளாறான அமைப்புகள்தான் என்பது அதன் முக்கியமான முடிவு. திட்டினால் தவறு குறையாது, மறைந்துகொள்ளும் என்ற பாடம் அப்போதிருந்தே பேசப்படுகிறது.

எந்த 5 பிழைகளை விடவே கூடாது?

வெட்கத்தைக் குறைக்க ஒரே வழி, எல்லாப் பிழையையும் ஒரே தட்டில் வைக்காமல் இருப்பதுதான். ‘சுவெல்லிங்’ என்ற ஆங்கிலச் சொல்லில் ஒரு ‘எல்’ குறைந்தாலும் வீக்கம் வீக்கம்தான். சிகிச்சை மாறாது. ஆனால் கீழே உள்ள ஐந்து இடங்களில் ஒரு எழுத்தோ புள்ளியோ மாறினாலும் சிகிச்சையே மாறிவிடும்.

1. மருந்தின் பெயர். கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறினால் கொடுப்பது ஹைட்ரலசின். அரிப்புக்குக் கொடுப்பது ஹைட்ராக்சிசின். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் முதல் நான்கு எழுத்தும் ஒன்று. டோபமின், டோபுட்டமின் இன்னொரு ஜோடி. இப்படி ஒரே மாதிரி ஒலிக்கும், ஒரே மாதிரி தெரியும் மருந்துப் பெயர்களை உலக சுகாதார நிறுவனம் 2007இலேயே நோயாளி பாதுகாப்புக்கான முக்கியப் பிரச்சினையாக அறிவித்தது.

2. எண்ணும் அலகும். ‘5.0’ என்று எழுதினால் புள்ளி கண்ணில் படாமல் 50 ஆகிவிடும். ‘.5’ என்று எழுதினால் 5 ஆகிவிடும். முழு எண்ணுக்குப் பின்னால் பூஜ்யம் போடக் கூடாது, புள்ளிக்கு முன்னால் பூஜ்யம் போட்டே ஆக வேண்டும் என்பது விதி. இன்சுலின் அளவில் ‘யூனிட்’ என்பதற்கு ஆங்கில ‘யூ’ மட்டும் போட்டால் அது பூஜ்யம்போலத் தெரிந்து 10 என்பது 100 ஆகலாம். மில்லிகிராம், மைக்ரோகிராம் மாறினால் வித்தியாசம் 1,000 மடங்கு. 

3. சுருக்கெழுத்து. வலிப்பு வந்த கர்ப்பிணிக்கு உயிர் காக்கும் மருந்து மக்னீசியம் சல்பேட். அதன் வேதியியல் சுருக்கத்தையும் மார்ஃபின் சல்பேட்டின் சுருக்கத்தையும் குழப்பிக்கொள்ளும் ஆபத்து இருப்பதால், இரண்டு சுருக்கங்களையுமே அமெரிக்க மருத்துவமனை அங்கீகார அமைப்பான ஜாயின்ட் கமிஷன் 2004இல் ‘பயன்படுத்தக் கூடாதவை’ பட்டியலில் சேர்த்தது.

4. இடது, வலது. எந்தக் கை, எந்தக் கண், எந்தப் பக்கச் சிறுநீரகம் என்பதில் ஒரு சொல் மாறினால் அதன் விளைவைச் சொல்லத் தேவையில்லை.

5. ‘இல்லை’ என்ற சொல். ‘பெனிசிலின் அலர்ஜி இல்லை’ என்பதில் கடைசிச் சொல் விடுபட்டால் தேவையான மருந்து நின்றுபோகும். ‘இருக்கிறது’ என்பது ‘இல்லை’ ஆனால் உயிருக்கே ஆபத்து. ‘ஹைப்பர்’, ‘ஹைப்போ’ குழப்பமும் இதே வகைதான்.

சேவ் பட்டனை அழுத்துவதற்கு முன் முழுக் குறிப்பையும் இலக்கணச் சுத்தமாகத் திருத்த நேரம் கிடைக்காது. இந்த ஐந்தை மட்டும் ஒருமுறை பார்க்க அரை நிமிடம் போதும்.

அப்போ எல்லாத்தையும் மெஷினே எழுதட்டுமே?

நல்ல கேள்வி. பெயரை டைப் செய்யாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால் ஸ்பெல்லிங் மிஸ்டேக்கே வராதே? வராது. ஆனால் வேறொன்று வரும்.

2017 டிசம்பரில் அமெரிக்காவின் நாஷ்வில் நகர மருத்துவமனை ஒன்றில், ஸ்கேனுக்குப் போகும் வயதான பெண்மணிக்குப் பதற்றம் தணிக்கும் மருந்து கொடுக்கச் சொன்னார்கள். செவிலியர் மருந்து அலமாரியின் திரையில் அந்த பிராண்ட் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளை அடித்தார். அந்த மருந்து அதில் வேறு பெயரில், ஜெனரிக் பெயரில் பதிவாகியிருந்தது. அதே இரண்டு எழுத்தில் தொடங்கும் வேறொரு மருந்து திரையில் வந்தது. அது தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்து. அந்தப் பெண்மணி உயிரிழந்தார். பெட்டியில் இருந்த எச்சரிக்கையைக் கவனிக்காதது உட்படப் பல தவறுகள் செவிலியர் மீது சுமத்தப்பட்டன. 2022இல் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு தண்டனை விதிக்கப்பட்டது.

இதில் ஸ்பெல்லிங் மிஸ்டேக்கே இல்லை. அடித்த இரண்டு எழுத்தும் சரி. தவறைத் தானே ஒப்புக்கொண்ட செவிலியர் சிறைக்குப் போகும் நிலை வந்தால், இனி யார் தவறை வெளியே சொல்வார்கள் என்று அந்நாட்டு நர்சிங் அமைப்புகள் அப்போது கேட்டன. வார்டு கேலிக்குப் பயப்படும் நம்ம ஊர் நர்ஸின் மௌனத்துக்கும் இந்தக் கேள்விக்கும் தூரம் அதிகமில்லை.

மாற்ற வேண்டியது ஆளை அல்ல, அமைப்பை என்பதற்கும் உதாரணங்கள் இருக்கின்றன. லோசெக் என்ற வயிற்றுப்புண் மருந்தும் லாசிக்ஸ் என்ற நீர் பிரியும் மருந்தும் குழம்பியதால், 1990இல் அமெரிக்காவில் லோசெக்கின் பெயரே பிரிலோசெக் என மாற்றப்பட்டது. 2016இல் பிரின்டெல்லிக்ஸ் என்ற மன அழுத்த மருந்து, பிரிலிண்டா என்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தோடு குழம்பியதால் டிரின்டெல்லிக்ஸ் ஆனது. பல மருத்துவமனை மென்பொருள்களில், ஒத்த பெயர்களில் மாறுபடும் பகுதியை மட்டும் பெரிய எழுத்தில் காட்டுகிறார்கள். கண் அங்கேயே நிற்கும்.

பெயர் ஸ்பெல்லிங்: பிரசவ வார்டு முதல் ஸ்கூல் அட்மிஷன் வரை

மருந்துக்கு அடுத்தபடியாக மக்களை நேரடியாகப் பாதிப்பது பெயர்ப் பிழை. தருமபுரிப் பக்கம் மாதம்மாள், மாது, மாதேஷ், முனியம்மாள் என்ற பெயர்கள் அதிகம். ‘மாதம்மாள்’ என்பதை ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதலாம், எதையும் தவறு என்று சொல்ல முடியாது. யாழினி, எழிலரசி என்றால் ‘ழ’வுக்கு ஆங்கிலத்தில் எந்த எழுத்து என்பதே தகராறு. தெலுங்கு, கன்னடம் பேசும் குடும்பங்களும் மாவட்டத்தில் உண்டு. அவர்கள் பெயர்களுக்கு இன்னொரு உச்சரிப்பு.

ஆதாரில் ஒரு ஸ்பெல்லிங், ரேஷன் கார்டில் ஒன்று, பிக்மி பதிவில் இன்னொன்று என்று இருந்தால், மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பெயர் பொருந்தவில்லை என்று அலைச்சல் தொடங்கும்.

குழந்தைக்கோ இது இன்னும் முக்கியம். மருத்துவமனையில் நடக்கும் பிரசவத்தை மருத்துவமனையே பதிவுக்குத் தெரிவிக்கிறது. அதற்கான கெடு 21 நாள். பிரசவத்தின்போது பதிவாகும் தாய், தந்தை பெயர்தான் பிறப்புச் சான்றிதழின் அடிப்படை. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் 2023இல் செய்த திருத்தம் அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கிறது. அன்று முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், அரசு வேலை என எல்லாவற்றுக்கும் பிறந்த தேதியை நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழ்தான் ஆவணம். நள்ளிரவில் லேபர் வார்டில் அவசரமாக அடித்த ஒரு எழுத்து, 18 ஆண்டு கழித்து ஒரு பெண்ணின் ஆவணத்தில் வந்து நிற்கலாம்.

திருத்தவே முடியாதா? முடியும். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, தவறான பதிவைத் திருத்தப் பதிவாளருக்கு அதிகாரம் தருகிறது. உரிய ஆதாரங்களோடு விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் டிஸ்சார்ஜ் ஆகும் முன் ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டிய வேலை, பிறகு ஆபீஸ் ஆபீஸாக அலைய வைக்கும்.

பிழையைக் கண்டால் எப்படித் திருத்துவது?

காகிதத்தில் என்ன செய்வோம்? ஒயிட்னர் போடக் கூடாது. கிறுக்கி மறைக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு, பழையதும் படிக்கும்படி விட்டு, சரியானதை எழுதி, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திட வேண்டும். திரையிலும் இதே நியாயம்தான்.

சேவ் ஆன குறிப்பை அழித்துவிட்டுப் புதிதாக எழுதக் கூடாது. ‘திருத்தம்’ அல்லது ‘கூடுதல் குறிப்பு’ என்று தனியாகச் சேர்த்து, எது தவறு, எது சரி என்று எழுத வேண்டும். தாமதமாக எழுதினால் ‘தாமதப் பதிவு’ என்றே குறிப்பிட வேண்டும். யார், எப்போது, என்ன மாற்றினார் என்ற தடம் மென்பொருளில் இருக்க வேண்டும் என்கின்றன மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு மின்னணு சுகாதாரப் பதிவு நெறிமுறைகள்.

இதில் சட்டப் பக்கமும் உண்டு. உள்நோயாளி ஆவணங்களை 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்கின்றன மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் மின்னணுப் பதிவையும் சாட்சியமாக ஏற்கிறது. அங்கே ஸ்பெல்லிங் மிஸ்டேக் ஒருவரை மாட்டிவிடாது. சத்தமில்லாமல் மாற்றப்பட்ட குறிப்பு மாட்டிவிடும்.

மேலே சொன்ன ஐந்து வகைப் பிழைகளில் ஒன்று என்றால், குறிப்பைத் திருத்துவது மட்டும் போதாது. டியூட்டி டாக்டரிடமும், அடுத்த ஷிஃப்ட் நர்ஸிடமும் வாயால் சொல்லிவிட வேண்டும். அந்தத் தவறான வரியைப் படித்து யாராவது ஏற்கெனவே மருந்து கொடுத்திருக்கலாம்.

நிர்வாகம் என்ன செய்யலாம்?

எல்லாப் பொறுப்பையும் செவிலியர் தலையில் வைப்பது நியாயமல்ல. போதனா மருத்துவமனைப் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒரு செவிலியர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளிக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். அதைவிடப் பல மடங்கு நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே டைப் செய்பவரிடம் சுத்தமான ஸ்பெல்லிங்கை எதிர்பார்க்க முடியாது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது தேசிய நெறி. சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைக் கிராமங்கள் உள்ள மாவட்டத்தில், நடந்த தூரமும் சிக்னல் இல்லாத நேரமும் சேர்ந்துதான் அந்த டேட்டா என்ட்ரி நடக்கிறது. பதிவேட்டிலும் எழுதி, ஆன்லைனிலும் ஏற்றும் இரட்டை வேலையைக் குறைக்க வேண்டும் என்பது கிராம சுகாதார செவிலியர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் கோரிக்கை.

பணச் செலவில்லாமல் உடனே செய்யக்கூடியவையும் உண்டு. அந்த வார்டில் அடிக்கடி வரும் 50 சொற்களைச் சரியான ஸ்பெல்லிங்கோடு அச்சிட்டு கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒட்டலாம். மருத்துவச் சொற்களை மென்பொருளின் அகராதியில் சேர்க்கலாம். அலுவலகக் கருவிகளில் ஆட்டோ கரெக்ட்டை நிறுத்தி, பிழையை அடிக்கோடிட்டுக் காட்ட மட்டும் விடலாம். ஷிஃப்ட் மாறும்போது மருந்துப் பெயரையும் அளவையும் ஒருவர் படிக்க, இன்னொருவர் திருப்பிச் சொல்லலாம். முக்கியமாக, ஒருவரின் குறிப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பரப்புவதை நிறுத்த வேண்டும். அதில் கேலிக்கு ஆளாவது செவிலியர் மட்டுமல்ல, நோயாளியின் அந்தரங்கமும் சேர்ந்தே வெளியே போகிறது.

நீங்க என்ன பார்க்கணும்?

டிஸ்சார்ஜ் சம்மரி கைக்கு வந்ததும் பைக்குள் மடித்து வைத்துவிடாதீர்கள். கிளம்பும் முன் இவற்றை மட்டும் பாருங்கள்: பெயர், வயது, ஆணா பெண்ணா, அப்பா அல்லது கணவர் பெயர். ஆதாரில் உள்ள ஸ்பெல்லிங்கோடு ஒத்துப் போகிறதா? அலர்ஜி இருந்தால் எழுதியிருக்கிறதா? ஆபரேஷன் நடந்த பக்கம் சரியா? மாத்திரை எத்தனை, எத்தனை வேளை? பிரசவம் என்றால் பிக்மி எண், குழந்தை பிறந்த தேதி, நேரம், பெற்றோர் பெயர். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் தயங்க வேண்டாம். ‘சிஸ்டர், இதுல என் பேரு, மாத்திரை அளவு எல்லாம் ஒருதடவை படிச்சுக் காட்டுங்க’ என்று கேட்கலாம். அது உங்கள் உரிமை.

பிழை இருந்தால் எடுத்துச் சொல்லுங்கள். ஆனால் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட வேண்டாம். நீங்கள் சொன்னதும் ‘நல்லவேளை சொன்னீங்க’ என்று உடனே திருத்தித் தரும் வார்டில்தான், நீங்கள் கவனிக்காத பிழையையும் யாராவது ஒருவர் தைரியமாகச் சொல்லித் திருத்துவார்.